இரண்டு பெட்டிக்கும் ஒரே கிளாக்

கடலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது. பெரியவன் சிதம்பரத்தில் படிக்கிறான், தினமும் ரயிலில் போய் வருகிறான்.

சரி, உன் மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சென்சார் தருகிற அதிர்வைப் பதிவு செய்யும் பெட்டிகள் இரண்டு: மோட்டார் பக்கம் ஒன்று, பம்ப் பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் மாட்டி, ஒரே பட்டனில் தொடங்கி, மணிக்கணக்கில் அதிர்வைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்கின் இரு பக்கமும் சேர்ந்தே அசைந்தன, போகப் போக எதிரெதிராக அசைவதாகக் காட்டுகிறது, இரண்டு தண்டும் நேர்கோட்டில் நிற்கிற அலைன்மென்ட் போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். அவசரப்பட்டுக் கப்ளிங்கைக் கழற்ற விடாதே. எனக்குப் பெட்டிக்குள் நேரத்தை எண்ணுகிற கிளாக் மேல்தான் சந்தேகம்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனி குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. வினாடிக்கு 2000 சாம்பிள், அதாவது 2000 அளவீடு, என்று இரண்டுக்கும் சொன்னாலும், அவரவர் படிகத்தை வைத்துத்தான் எண்ணுகின்றன. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள். சாதாரணப் படிகங்களில் இது சகஜம். ஒரு மணி நேரத்தில் 72 மில்லி வினாடி, அதாவது 144 சாம்பிள் விலகிவிடும். உன் மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடுவது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 40 மில்லி வினாடி. பாதிச் சுற்று விலக பதினேழு நிமிடம் போதும்! அதற்குள் ஒழுங்காக ஓடுகிற கப்ளிங்கும் கெட்டுப்போனது போலத் தெரியும். இன்னும் பதினேழு நிமிடம் போனால் தானாகச் சரியானது போலவும் தெரியும். பழைய ஃபைலில் அப்படி மாறி மாறி வருகிறதா என்று பார், வந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

மாணவர்களுக்கு இதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம். இரண்டு பெட்டியின் கிளாக்கையும் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டுகிற ஆஸிலாஸ்கோப்பில் கொடுத்து, ஒன்றின் துடிப்பைப் பிடித்தே திரை வரையும்படி டிரிகர் வை. அந்த அலை அசையாமல் நிற்கும், மற்றது மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். பெட்டியின் மேல் கையை வைத்துக் கொஞ்சம் சூடேறினால் நகர்கிற வேகம்கூட மாறலாம்.

ஒரே நேரத்தில் தொடங்குவது ஒன்று, ஒரே வேகத்தில் ஓடுவது வேறு. கச்சேரியில் எத்தனை பேர் வாசித்தாலும் தாளம் ஒன்றுதானே, அதுபோல முதல் பெட்டியின் சாம்பிள் கிளாக்கை வெளியே எடுத்து இரண்டாவது பெட்டிக்குக் கொடு. இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடு. இரண்டாவதற்கு வெளிக் கிளாக் என்று அமைத்து, அதை முதலில் தயாராக்கிக் காத்திருக்க வை. கிளாக் தருகிற பெட்டியைக் கடைசியில்தான் தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் முதல் சில துடிப்புகள் இரண்டாவதற்குப் போய்ச் சேராது, அந்த இடைவெளி கடைசிவரை தீராது. உள்ளே மிக வேகமாக அளந்து, வடிகட்டி ஒரு சாம்பிளாகத் தருகிற சிக்மா-டெல்டா வகைப் பெட்டியாக இருந்தால் சாம்பிள் கிளாக்கை வெளியிலிருந்து பெரும்பாலும் ஏற்காது. அதற்குள் ஓடும் அடிப்படைக் கிளாக்கையும், கூடவே ஒரு ஒத்திசைவுத் துடிப்பையும் பகிர வேண்டியிருக்கும்.

லேப்டாப் போடுகிற நேர முத்திரையை இதற்கு நம்பாதே. யுஎஸ்பியில் டேட்டா மூட்டை மூட்டையாக வருகிறது. மூட்டை வந்த நேரம்தான் அதற்குத் தெரியும், சென்சார் அசைந்த நேரம் தெரியாது. அப்புறம், இரண்டு பெட்டியிலிருந்தும் புரோகிராமின் ஒரே லூப்பில் சம எண்ணிக்கையில் சாம்பிள் எடுக்கச் சொல். ஒன்றின் பஃபர் (டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கிற இடம்) நிரம்பி வழிந்தால் அதை மட்டும் திரும்பத் தொடங்கக் கூடாது. இரண்டையும் நிறுத்தி, முதலிலிருந்து வர வேண்டும்.

நான் எப்போதும் வற்புறுத்துகிற ஒன்று: பெட்டிக்கு ஒரு சானலை, அதாவது ஒரு சிக்னல் நுழைகிற வழியை, தியாகம் செய். ஒரே சிக்னலைப் பிரித்து இரண்டிலும் கொடுத்து, முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார். பொருந்தினால்தான் மற்ற சானல்களைப் பற்றிப் பேச்சு. சானல் வீணாகிறதே என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதே. நம் கடற்கரைக் காற்றில் கேபிள் மாட்டுகிற பிஎன்சி முனைகள் பச்சை பூத்துப்போகும், மாட்டுவதற்கு முன்னால் துடைத்துவிடு.

பாலத்தில் தூரத் தூரமாகப் பெட்டி வைத்து அளப்பது பற்றியும் கேட்டிருந்தாய், அந்த வேலைக்கு இந்த வழி ஒத்துவராது. அவ்வளவு தூரம் கிளாக்கைக் கேபிளில் இழுப்பது தொல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஜிபிஎஸ் ரிசீவரின் வினாடித் துடிப்பையும் ஒரு சானலில் பதிவு செய்தால், பிறகு அதை வைத்து நேர்செய்துகொள்ளலாம். நெட்வொர்க் கேபிள் இருக்குமானால் ஐஇஇஇ 1588 இருக்கிறது. அந்தக் கேபிள் வழியே கிளாக்குகளை ஒத்துப்போகச் செய்கிற, 2002-இல் வந்த நெறிமுறை, கருவிகள் அதை ஆதரித்தால் மைக்ரோ வினாடி அளவுக்குப் பொருந்தும்.

பெட்டிகளின் மாடல் எண்ணையும் பின்பக்கப் படத்தையும் அனுப்பு. கிளாக்கை வெளியே எடுக்க முனை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வருகிறேன், கேபிளை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்