மஞ்சள் கொடிப் படகும் இளநீரும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

உவரிக்கு அப்பால் வெளிநாட்டுப் பாய்மரப் படகு ஏதாவது நங்கூரம் போட்டால் போதும், எங்கள் ஊர்ப் பையன்கள் இளநீரோடு வள்ளத்தில் கிளம்பிவிடுகிறார்கள். விருந்தோம்பல் சரிதான். ஆனால் தூத்துக்குடி போன்ற அறிவிக்கப்பட்ட துறைமுகத்தில் சுங்கமும் குடியேற்றச் சோதனையும் முடியாமல் அந்தப் படகிலிருந்து ஆளோ பொருளோ கரையிறங்கக் கூடாது. மஞ்சள் கொடி ஏற்றியிருந்தால், இன்னும் சுகாதார அனுமதிக்காகக் காத்திருக்கிறது. படகுக்காரர்கள் ஆசையாகக் கொடுக்கும் பாட்டிலைக் கரைக்குக் கொண்டுவந்தால் கடத்தல் வழக்குதான்! வருகிறவர்களும் பாவம்; உரிமம் இல்லாத சாட்டிலைட் போன் இங்கே குற்றம் என்று தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

காற்றில் தத்தளிக்கும் படகைக் காப்பாற்றுவது வேறு விஷயம். அப்போதும் கடலோரக் காவல் எண் 1093-க்குச் சொல்லிவிட வேண்டும். மீன் ஏலக்கூடங்களில் இதையெல்லாம் தமிழில் பெரிதாக எழுதிவைக்க மீன்வளத் துறை ஏற்பாடு செய்யட்டும்.

ஓய்வுபெற்ற துறைமுகக் குமாஸ்தா,
உவரி