ஹெக்டேர் கணக்கைப் பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். நிலம் பாலைவனமாவதைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் ரியாத் மாநாட்டில் என்னதான் முடிவாயிற்று என்பது ஒன்று. உன் மேசைக்கு வந்திருக்கும் நிலமீட்புத் திட்ட வரைவில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்பது மற்றொன்று.

முதலாவதற்குப் பதில் சுருக்கமானது. 2024 டிசம்பரில் கூடியபோது, வறட்சியைப் பற்றி நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் வரும் என்று ஆப்பிரிக்க நாடுகள் எதிர்பார்த்தன. உடன்பாடு எட்டவில்லை, பேச்சு, 2026-இல் மங்கோலியா நடத்தும் அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிப்போயிற்று. வறட்சியைத் தாங்கும் திறனை வளர்க்க 1,200 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்குறுதிகள் வந்தன. வாக்குறுதி வேறு, வரவு வேறு என்பது உனக்குத் தெரியாததல்ல.

இந்த உடன்படிக்கை 1994-இல் பாரிஸில் ஏற்கப்பட்டு 1996 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் இயல்பே இப்படித்தான். எந்த நாட்டுக்கும் இவ்வளவு நிலம் மீட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலக்கை நாடுகளே வைத்துக்கொள்கின்றன. 2022-இல் இதே உடன்படிக்கையின் அபிஜான் மாநாடு, 2030-க்குள் 100 கோடி ஹெக்டேரை மீட்பது என்றது. இங்கேதான் சிக்கல். இந்த உலகத்தில் செலாவணி ஹெக்டேர். ஆனால் ஒரு ஹெக்டேர் ‘மீட்கப்பட்டது’ என்று எப்போது எழுதலாம் என்பதில் ஆளுக்கொரு வழக்கம். சஹாராவின் தென்விளிம்பு நாடுகளில் சீரழிந்த நிலத்தை மீட்க ஆப்பிரிக்க ஒன்றியம் 2007-இல் தொடங்கிய பசுமைப் பெருஞ்சுவர்த் திட்டத்தை எடுத்துக்கொள். இலக்கு 10 கோடி ஹெக்டேர். 2020-இல் எடுத்த கணக்கில், சுவருக்கென்று குறித்த பகுதிக்குள் மட்டும் பார்த்தால் சுமார் 40 லட்சம் ஹெக்டேர். அந்த நாடுகளில் நடந்த மற்ற நிலப்பணிகளையும் சேர்த்தால் 1.8 கோடிக்குப் பக்கம். இரண்டும் பொய்யில்லை. எல்லையை எங்கே போட்டோம் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே வரைவைக் கையில் எடுத்ததும் ‘எத்தனை கன்று’ என்ற பத்தியைத் தாண்டிவிட்டு, ‘எப்போது எண்ணுவார்கள்’ என்ற பத்தியைத் தேடு. நட்ட மழைக்காலத்திலேயே எண்ணினால் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். இரண்டாவது கோடை கழிந்த பிறகு எண்ணுவதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார். பல திட்டங்கள் அதற்குள் முடிந்துவிடும்.

மண்ணைப் பிடிக்கும் வேலைகளுக்கு வருவோம். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டக் கோட்டில் கல்லை அடுக்கும் கல்வரப்பு எளிய வேலை போலத் தோன்றும், ஆனால் அதிகம் கெடுவதும் அதுதான். நிலம் 1 சதவீதம் சரிந்தால் 10 மீட்டருக்கு 10 செ.மீ. தான் இறக்கம்; கண்ணால் அந்த மட்டக் கோட்டைப் போடவே முடியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே போதும்: 10 முதல் 20 மீட்டர் நீளத்தில் உள்ளே தெரிகிற குழாய், செ.மீ. குறித்த இரண்டு கம்பு. குழாயில் காற்றுக்குமிழி ஒன்று நின்றாலும் அளவு தப்பும். வெயிலில் கிடந்த குழாயில் குமிழி தானாகவே வரும். இடம் மாறும்போது இரு முனையையும் விரலால் அடைக்காவிட்டால் தண்ணீர் சிந்திவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கோடு கிடைத்ததும் 5 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் பறித்துப் பெரிய கல்லை அதில் பதிக்க வேண்டும்; மேட்டுப்பக்கம் சிறு கல். உயரம் 20, 30 செ.மீ. போதும். தண்ணீரை நிறுத்துவது நோக்கமல்ல, மெதுவாகக் கசியவிட்டு வண்டலைத் தங்கவைப்பதுதான். பள்ளம் பறிக்காமல் தரைமேலேயே கல்லை அடுக்கினால் அடியில் தண்ணீர் புகுந்து ஓடை பறித்துவிடும். வரப்பே இல்லாத நிலத்தைவிட அது மோசம். வரப்புக்கு வரப்பு 25 மீட்டர் விட்டால் ஹெக்டேருக்கு 400 மீட்டர் நீளம் வரும். அத்தனை கல் பக்கத்தில் இல்லையென்றால் லாரி வேண்டும். லாரி திட்டத்தோடு வரும், திட்டத்தோடே போய்விடும். பிறகு உடைந்ததைச் சரிசெய்வது யார் என்று வரைவில் எழுதியிருக்கிறதா?

வரப்புக்கு நடுவே, மேற்கு ஆப்பிரிக்காவின் பர்க்கினா ஃபாசோவில் பயிர் விதைக்கத் தோண்டும் ‘ஸாய்’ குழிகள். மழைக்கு முன்பே, காய்ந்த இறுகிய தரையில், 20–30 செ.மீ. அகலம், 10–20 செ.மீ. ஆழம், தோண்டிய மண்ணைப் பள்ளப்பக்கம் பிறைபோல் குவிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு கை மக்கிய தொழு உரம். உரத்தைத் தேடிவரும் கரையான் மண்ணைத் துளைத்து நீர் இறங்க வழிசெய்யும். அந்த வேலைக்குக் கூலியே இல்லை. 80 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்கு 15,000-க்கு மேல் குழி. குழிக்கு 300 கிராம் என்றாலே நாலரை டன்னுக்கு மேல் உரம் வேண்டும். திட்டங்கள் மண்வெட்டிக்குத் தாராளமாக ஒதுக்கிவிட்டு உரத்தையும் அதைச் சுமக்கும் வண்டியையும் மறந்துவிடுகின்றன. மக்காத சாணத்தைப் போட்டால் முதல் மழை தாமதிக்கும்போது பயிர் கருகும். ஆண்டு மழை 300 முதல் 800 மி.மீ. வரை உள்ள இடத்துக்குத்தான் இது சரிவரும். அதற்கு மேல் குழியில் நீர் தேங்கி வேர் அழுகும். மணல் தரையில் குழி சரிந்து மூடிக்கொள்ளும். மேய்ச்சல் நிலமாக்குவதென்றால் பிறைக்குழி பொருத்தம்: 4 மீட்டர் விட்டம், வரிசையில் மையத்துக்கு மையம் 8 மீட்டர், வரிசைக்கு வரிசை 4 மீட்டர், ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளியைப் பார்த்தபடி. ஹெக்டேருக்கு 312 அளவில் வரும்.

ஸாய் எல்லை தாண்டிய விதம் இந்தக் கடிதத்துக்கு முக்கியம். 1989-இல் நைஜரின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 13 விவசாயிகள் பர்க்கினாவின் யாட்டெங்காவுக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். ஊர் திரும்பிச் சிலர் செய்ய, மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள். நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பில் இதைவிட மலிவான செலவினத்தை நான் காணவில்லை. உன் வரைவில் ‘திறன் வளர்ப்பு’ என்ற தலைப்பில் ஓட்டல் அரங்கச் செலவு இருந்தால் அதை அடித்துவிட்டு விவசாயிகளுக்குப் பேருந்துக் கட்டணம் கேள்.

மரம் பற்றி. நைஜரில் 1980-களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் பரப்பிய முறையில் நடவே கிடையாது. வயலில் ஏற்கெனவே அடிக்கட்டைகள் உயிரோடு இருக்கும். ஆண்டுதோறும் வெட்டப்படுவதால் புதராகவே தெரியும். அறுவடைக்குப் பின் கட்டைக்கு மூன்று முதல் ஐந்து நேரான துளிர்களை விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். விட்டவற்றில் பாதி உயரம்வரை பக்கக் கிளையைக் கவாத்து செய்ய வேண்டும். அதற்கு மேல் போனால் தலைகனத்துக் காற்றில் முறியும். கையால் ஒடித்தால் பட்டை உரிந்து நோய் ஏறும். இப்படி அந்த நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது. ஆனால் அது நுட்பத்தால் மட்டும் நடக்கவில்லை. பழைய காலனிச் சட்டப்படி மரம் அரசுக்குச் சொந்தம். வளர்த்தவனே வெட்டினாலும் அபராதம். அந்தப் பிடி நடைமுறையில் தளர்ந்த பிறகுதான் விவசாயி துளிரைக் காத்தான். வரைவில் ‘மரம் யாருடையது’ என்ற வரி இல்லையென்றால், தயங்காமல் திருப்பி அனுப்பு.

கடைசியாக, செயற்கைக்கோள் படம். நிலம் சீரழிந்ததா என்று பார்க்க நிலப்பரப்பின் வகை, விளைதிறன், மண்ணின் அங்ககக் கரிமம் என்று மூன்று அளவுகோல். ஒன்று சரிந்தாலும் நிலம் சீரழிந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. விதி நல்லதுதான். ஆனால் பரவலாகப் பயன்படும் படத்தில் ஒரு புள்ளி 250 மீட்டர் சதுரம், அதாவது ஆறேகால் ஹெக்டேர். ஒருவர் கல்வரப்பு போட்ட ஒரு ஹெக்டேர் அதில் கரைந்துபோகும். சீமைக்கருவேலம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கினாலோ அதே படம் ‘விளைதிறன் உயர்வு’ என்று பச்சை காட்டும். எத்தியோப்பியாவின் அஃபாரிலும் கென்யாவின் பாரிங்கோவிலும் அந்த மரத்தால் மேய்ப்பர்கள் படும் பாட்டை அந்தப் பச்சையில் படிக்க முடியாது. நல்ல மழை ஆண்டும் இப்படி ஏமாற்றும். பக்கத்தில் பணி நடக்காத நிலத்தோடு ஒப்பிட்டால்தான் வேலையால் வந்தது எது, மழையால் வந்தது எது என்று பிரியும். ஒப்பீட்டு நிலத்தை வேலை தொடங்குமுன்பே குறித்துவைக்கச் சொல். பிறகு தேர்ந்தால் மோசமானதைத்தான் தேர்வார்கள்.

வரைவின் நிதிப் பக்கங்களை மட்டும் அனுப்பிவை, பார்த்து எழுதுகிறேன். தண்ணீர்க் குழாய் பிடிக்கும் முறை எழுத்தில் விளங்காவிட்டால் சொல், படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்