ஒரு பழிவாங்கல் கதையும் தேர்வு விடைகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எட்கர் ஆலன் போ 1846-இல் வெளியிட்ட ‘தி காஸ்க் ஆஃப் அமொண்டில்லாடோ’ சிறுகதைக்கு மாணவர்கள் எழுதும் விடைகள் ‘முரண்நகை உள்ளது’ (வெளியே தெரிவதும் உண்மையும் முரண்படுவது) என்பதோடு நின்றுவிடுகின்றன. எந்த வரியில், யாருக்குத் தெரிந்து, யாருக்குத் தெரியாமல் என்று காட்டினால்தான் அது ஆய்வு. தன்னை அவமதித்ததாகச் சொல்லி ஃபார்ச்சுனாட்டோவை நிலவறைக்கு அழைத்துச் சென்று, உயிரோடு சுவர் வைத்து அடைத்ததை மாண்ட்ரெசரே சொல்லும் கதை இது. அங்கே இருமலால் சாகமாட்டேன் என்கிறான் ஃபார்ச்சுனாட்டோ. உண்மைதான் என்கிறான் மாண்ட்ரெசர். கொலைத் திட்டம் நமக்குத் தெரியும், ஃபார்ச்சுனாட்டோவுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் மாண்ட்ரெசரின் மேலங்கிக்குள்ளிருந்து கொத்துக்கரண்டி வெளியே வருகிறது. ஃபார்ச்சுனாட்டோ அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறான். சுவர் எழுப்பப்போவதும் அதே கரண்டிதான்.

மாண்ட்ரெசரின் குலச்சின்னத்தில் பொற்பாதம் பாம்பை நசுக்குகிறது, பாம்பு குதிகாலைக் கடித்திருக்கிறது. பாதம்தான் மாண்ட்ரெசர் என்று அவசரமாக எழுதிவிடுகிறார்கள். அவன் பாம்பாகவும் இருக்கலாம். இரண்டு வாசிப்புக்கும் கதை இடம் தருகிறது, அதையே விடையில் எழுத வேண்டும்.

பெரிய பிழை, கதைசொல்லியான மாண்ட்ரெசரை அப்படியே நம்புவது. ஆயிரம் தீங்குகள் என்கிறான், கடைசியாக ஓர் அவமதிப்பு என்கிறான். அது என்னவென்று சொல்வதே இல்லை. அதை நாமே இட்டுக்கட்டி நிரப்பக் கூடாது. பதினோராம் வரிசையின் கடைசிக் கல்லை வைக்கும் முன் நெஞ்சு கனத்ததற்கு நிலவறையின் ஈரத்தைக் காரணமாக்குகிறான். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒவ்வொரு கல்லும் அவன் நினைவில் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் தனிப் பத்தி ஒதுக்கினால் மனச்சாட்சி பற்றிய கேள்விக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கிய ஆசிரியர்கள் சிலர்