அனுமதிக் கடிதத்தோடு இன்னொரு கடிதம்

ராயபுரம், சென்னை-13

அன்பு பாப்பா,

நீ கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘எங்கள் மகளுக்கு 19 வயது முடிந்துவிட்டது, எங்கள் முழுச் சம்மதத்துடன் தனியாகப் பயணம் செய்கிறாள்’ என்று கடையிலேயே தட்டச்சு செய்து, அப்பாவும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எங்கள் இருவருடைய ஆதார் நகலும் பின்னால் இருக்கிறது. நகலின் குறுக்கே ‘லாட்ஜ் அறைக்காக மட்டும்’ என்று எழுதியிருப்பதைப் பார். நீயும் எங்கே ஆதார் நகல் கொடுத்தாலும் இப்படிக் காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. வெற்று நகலை எவர் கையிலும் கொடுக்காதே. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்கிற இடத்தில் மட்டும் காட்டு. கேட்காத இடத்தில் நீயாக எடுத்து நீட்டாதே. ஏன் என்று சொல்லத்தான் கூடவே இதையும் எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் ஆயா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் சொல்வார், உனக்கும் வகுப்புக்கு நேரமாகிவிடும்.

ஹோஸ்பேட்டில் நடந்ததை நீ சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. லாட்ஜ் அறைக்குப் பணத்தைக் கைப்பேசியிலேயே கட்டிவிட்டு, பெங்களூரிலிருந்து இரவு வண்டி பிடித்து, காலையில் இறங்கிக் குளித்துவிட்டு ஹம்பிக்குப் போகலாம் என்று போன பிள்ளையிடம், அந்த லாட்ஜ்காரர் ஆதாரை வாங்கி, பிறந்த வருடத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ‘21 ஆகாத பெண் தனியாக வந்தால் அறை கிடையாது, அப்பாவோ அண்ணனோ வரட்டும்’ என்று சொல்லியிருக்கிறார். நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டே நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு, அன்றிரவே வண்டி ஏறித் திரும்பிவிட்டாய். மாதங்க மலையில் ஏறிச் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாய்! ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிற அந்த ஹம்பிக் கல் ரதத்தை நான் தினமும் கல்லாவில் எண்ணி ரப்பர் பேண்டு போடுகிறேன். இப்போதெல்லாம் அந்தச் சக்கரத்தைப் பார்த்தாலே உன் முகம்தான் வருகிறது. பணம் திரும்பி வந்துவிட்டது, விடு அம்மா என்கிறாய். பணமா பெரிது?

நீ அன்று கேட்டாய், ‘நான் ஏதாவது தப்புச் செய்தேனா’ என்று. அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள். 1875-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டப்படி இந்த நாட்டில் 18 வயது முடிந்தவர் மேஜர். 18 முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அறை வாடகைக்கு எடுப்பதும் ஓர் ஒப்பந்தம்தான் என்பதால், 18-க்குக் கீழே இருப்பவர்களிடம் ‘பெரியவர்களோடு வா’ என்று லாட்ஜ்காரர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. 21 என்பது அந்த லாட்ஜ் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கணக்கு. ஒரு காலத்தில் ஓட்டுப் போடக்கூட 21 ஆக வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தையே திருத்தி 1989-இல் அதை 18 ஆக்கினார்கள். நாட்டை யார் ஆள்வது என்று தீர்மானிக்க உன் வயது போதும். பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கவும் சட்டப்படி 18 போதும். நம் தெருவில் உன் வயதில் கல்யாணம் முடிந்து, தாலியோடு, புருஷனோடு அதே கவுண்டரில் போய் நின்றிருந்தால் சாவியை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். உன் வயதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, பாப்பா. பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அவருக்குக் குறையாகப் பட்டிருக்கிறது.

அரசியல் சட்டத்தில் 15(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாகக் காட்டிக் கடைகளிலும் உணவகங்களிலும் ஓட்டல்களிலும் எவரையும் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. அந்தப் பட்டியலில் வயது இல்லை; ஆனால் பால் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை எவராவது இப்படிச் சொன்னால், குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேள்: ‘இதே 19 வயதுப் பையன் தனியாக வந்தால் அறை தருவீர்களா?’ தருவேன் என்றால், அவர் பார்ப்பது வயதை இல்லை என்று அவருக்கே விளங்கிவிடும். விளங்கியதும் அறை கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். நீ தலை குனிந்து வெளியே வர வேண்டியிருக்காது.

லாட்ஜ்காரர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது, அதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. தனியாக வந்து அறை எடுத்த சின்ன வயதுப் பிள்ளைகள் உயிரை விட்டுவிட்டு, போலீஸ், விசாரணை என்று அலைந்தவர்கள் உண்டு. வீட்டைவிட்டு ஓடி வந்த பிள்ளையோ என்று யோசிப்பவர்களும் உண்டு. கோயில் ஊர்களில் ஆணாக இருந்தாலும் தனி ஆளுக்கு அறை இல்லை என்று சொல்லிவிடுகிற விடுதிகள் எத்தனையோ இருக்கின்றன. பயம் இருக்கட்டும், அதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் எழுதிப் போடட்டும். நம் கடைக்குக் காசிமேட்டிலிருந்து, கொருக்குப்பேட்டையிலிருந்து வளைகுடா வேலைக்குப் போக விரும்பும் பெண்கள் பாஸ்போர்ட்டோடு வருகிறார்களே, பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும். அவர்கள் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அரசு விதி வைத்திருக்கிறது. கடுமையான விதிதான். ஆனால் எழுத்தில் இருக்கிறது. வருகிற பெண்ணிடம் முதல் நாளே அதை எடுத்துச் சொல்லிவிட முடிகிறது. அவள் விமான நிலையத்தில் போய் அழ வேண்டியதில்லை. வாசலில் நிற்கும்போது முகத்தைப் பார்த்துச் சொல்கிற விதியை என்னால் விதி என்று ஏற்க முடியவில்லை.

ஆயா உன்மேல் கோபமாக இருக்கிறார். ‘ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு பெண் தனியாகப் போவாளா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: உங்கள் 18 வயதில் விடியும் முன்பே கடற்கரையில் ஏலம் எடுத்து, தலையில் கூடையோடு மூலக்கொத்தளம் தாண்டிப் புளியந்தோப்பு வரை இருட்டில் நடந்தீர்களே, அப்போது எவராவது வயதைக் கேட்டார்களா? கூட யார் வந்தது என்று கேட்டார்களா? கூடையில் ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தும் மீன் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி முதுகில் புடவை ஒட்டிக்கொள்ளும் என்று அவர்தானே உனக்கும் கதை சொல்லியிருக்கிறார். ‘அது பிழைப்பு’ என்றார் ஆயா. அங்கேதான் எனக்கு எல்லாம் தெளிந்தது. பிழைப்புக்குப் போனால் நடுஇரவில்கூட ஒரு பெண் தனியாகப் போகலாம், எவரும் வாய் திறப்பதில்லை. நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-இல், 17 வயதில், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தபோது வடசென்னைக்கே பெருமை. வேலைக்குப் போனாலும் சரி, பதக்கத்துக்குப் போனாலும் சரி, பெண் போகலாம். சும்மா ஒரு ஊரைப் பார்க்க வேண்டும், அதன் தெருக்களில் நடக்க வேண்டும் என்று போனால்தான் எல்லோருக்கும் கேள்வி வருகிறது.

நீ பார்ப்பதற்காகவே போ. எதையும் சம்பாதித்து வர வேண்டாம், எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம். ராயபுரம் நிலையத்துச் சிவப்புக் கட்டடத்தைக் காட்டி, 1856-இல் தெற்கே முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது என்று நான் சொன்னபோது, ‘எங்கே போனது’ என்று கேட்ட பிள்ளை நீ. வாலாஜா ரோடு வரை என்று சொன்னதும், நாமும் போகலாம் என்று அடம் பிடித்தாய்.

இனி காரியத்துக்கு வருகிறேன். டிசம்பர் விடுமுறையில் கொல்கத்தா போகிறேன் என்கிறாய். நம் ஊர் டிராம் 1953-லேயே நின்றுபோனது. அங்கே மிச்சம் ஓடுகிற டிராமிலாவது ஏறிப் பார்க்க வேண்டும் என்கிறாய். பார்த்துவிட்டு வா. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு இங்கிருந்து கோரமண்டல் ரயிலில் கிளம்பு. அது பகலில் போய்ச் சேரும். புதிய ஊரில் பகலில் இறங்குவதை மட்டும் நீ எனக்காக ஒரு பழக்கமாக வைத்துக்கொள். ஹோஸ்பேட்டில் அது இருட்டு நேரமாக இருந்திருந்தால் என்று நினைக்கவே என்னால் முடியவில்லை.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. திறக்கும் முதல் நிமிடங்களில், கடையில் டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கிற என்னைப் போன்ற முகவர்களால் டிக்கெட் எடுக்க முடியாது. ஆகவே உன் சொந்தக் கணக்கிலேயே போடு, ஆதாரை இணைத்து வைத்துக்கொள். பொது இடம் தீர்ந்துவிட்டால் பெண்கள் ஒதுக்கீட்டைப் பார். நீண்ட தூர வண்டிகளில் படுக்கை வகுப்பில் ஆறு இடம், தனியாகப் போகும் பெண்ணுக்கு, எந்த வயதானாலும். என் கடையில் தனியாகப் போகும் பெண்கள் பலருக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு இருப்பதே தெரியாது. இன்னொன்றும் தெரிந்துகொள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டாலும்கூட, ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணை இரவில் வண்டியைவிட்டு இறக்க முடியாது; அவள் ஏறிய நிலையத்திலோ, சந்திப்பிலோ, கடைசி நிலையத்திலோ, மாவட்டத் தலைநகரிலோ மட்டும், அதுவும் பகலில்தான் இறக்கலாம் என்று ரயில்வே சட்டம் 139-ஆம் பிரிவு சொல்கிறது. டிக்கெட் வாங்காத பெண்ணுக்கே சட்டம் அத்தனை கவனம் காட்டுகிறது. பணம் கட்டிய உன்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்களே என்பதுதான் எனக்கு வலிக்கிறது. ரயிலில் எது நடந்தாலும் அழைக்க வேண்டிய எண்ணும் 139-தான். வெளியே 112.

தங்குமிடத்தைப் பணம் கட்டும் முன்பே போன் போட்டுக் கேள். ‘எனக்கு 19 வயது, பெண், தனியாக வருகிறேன், ஆதார் தமிழ்நாட்டு முகவரி, அறை உண்டா?’ என்று ஒரே மூச்சில் கேட்டுவிடு. உண்டு என்றால் அதையே செய்தியாக அனுப்பச் சொல். அனுப்பத் தயங்குகிற இடத்தை விட்டுவிடு. பான் அட்டையை நம்பிப் போகாதே. அதில் முகவரி இல்லை என்று பல இடங்களில் வாங்கமாட்டார்கள். ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற பெண்கள் சங்கத்தின் விடுதிகள் பல நகரங்களில் இருக்கின்றன, அங்கே முதலில் விசாரி. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் அதன் பி.என்.ஆர். எண்ணை வைத்து நிலையத்து ஓய்வறையைக்கூடப் பதிவு செய்யலாம். வசதி குறைவுதான், ஆனால் முதல் இரவுக்குப் போதும். வாடகைக் கார் எடுக்கிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு. 18-இல் உரிமம் கிடைத்தாலும் பெரும்பாலான நிறுவனங்கள் 21 கேட்கின்றன.

உன் தோழி சொன்னாளாமே, பிறந்த வருடத்தில் ஓர் எண்ணை மாற்றி நகல் எடுத்துக்கொள் என்று. நம் கடைக்கும் அப்படிக் கேட்டு வருகிறார்கள். ‘அக்கா, இந்த ஆறை மட்டும் மூன்றாக்கிக் கொடுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது’ என்பார்கள். எத்தனை ரூபாய் கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அது குற்றம். குற்றம் என்பதைவிட, 19 வயதை நீ மறைக்க வேண்டிய அவசியம் என்ன? ‘அண்ணன் பின்னால் வருகிறார்’ என்றும் சொல்லாதே. தனியாக வந்திருக்கிறேன் என்றே சொல்.

அப்பாவைப் பற்றிக் கேட்டாயே. அவர் அதிகம் பேசவில்லை. கையெழுத்துப் போடும்போது மட்டும், ‘இந்தக் கடிதம் அவளுக்கு எத்தனை நாள் தேவைப்படும்’ என்று கேட்டார். 21 வரை இருக்கலாம் என்றேன். ‘அதற்குப் பிறகு வேறு எதையாவது கேட்பார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போட்டுக் கொடுத்தார். ஆயா இன்று காலையில், கொல்கத்தாவில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார். ஹில்சா என்றேன். விலை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வரச் சொல் என்கிறார். அதுவே அவர் கொடுக்கிற அனுமதி என்று எடுத்துக்கொள்.

எந்தத் தேதி என்று இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு. சார்ட் வந்ததும் பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் எனக்கும் அப்பாவுக்கும் அனுப்பு. அங்கே போன பிறகு மணிக்கு ஒரு முறை அழைக்க வேண்டாம். காலையில் ஒரு செய்தி, இரவு அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டதும் ஒரு செய்தி, அது போதும்.

அன்புடன்,
அம்மா