முதல் பருவம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. காலாண்டுத் தேர்வில் தேர்ச்சி கூடியிருக்கிறது. கபடியில் கோப்பை வந்தது. கழிப்பறைக்குப் புதுக் கதவும் போட்டாயிற்று. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஓவியப் போட்டி. இந்த முறை மா. கிருஷ்ணனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். விலங்கு, பறவைகளைத் தானே பார்த்து எழுதி, கோட்டோவியமும் வரைந்து, படமும் பிடித்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை எழுதினார். ‘அவரைப் போல அக்கம்பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வரையுங்கள்’ என்றேன். பிள்ளைகள் அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள்.

முதலில் டிபன் டப்பாவில் கடல் அட்டை. அடுத்து ஜன்னலோரம் காய்ந்து நாறிய நட்சத்திர மீன். போன திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே ஈர்க்குச்சியில் வாலைச் சுற்றியபடி கடல் குதிரை. மத்தியானத்துக்குள் வால் நழுவிவிட்டது.

இவை வலையில் தானாக ஏறுபவை என்று எனக்கும் தெரியும்; கரைவலை இழுத்த வீட்டில் பிறந்தவன்தான் நான். பிள்ளை ஆசையாகக் கேட்டால் மறுக்க மனம் வராது. ‘படம் வரையத்தானே சார்’ என்று ஒருவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் கிருஷ்ணன் யானையைப் பார்க்கக் காட்டுக்குப் போனார். யானையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். பள்ளிப் பை என்று சட்டம் பார்க்காது. இனி உயிரோடோ காய்ந்தோ எதுவும் வகுப்புக்குள் வரக் கூடாது. வந்தால் பெற்றோரை அழைப்பேன்.

வலையில் ஏறினால் உயிர் இருக்கும்போதே கடலில் விட்டுவிடுங்கள். அப்போது பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும். பார்த்ததை வந்து வரைந்துவிடும். கரையில் நண்டுக்கும் உள்ளான் பறவைக்கும் பஞ்சமில்லை. அடுத்த பருவத்தில் பூநாரை பார்க்கத் தனுஷ்கோடிப் பக்கம் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறோம்.

படம் வரைய அட்டையும் கலர் பென்சிலும் வாங்கிக்கொடுத்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படங்களை வராந்தாவில் தொங்கவிட்டிருக்கிறோம், வந்து பாருங்கள். கடல் குதிரைப் படமும் அங்கே இருக்கிறது. வாலை மட்டும் பலமுறை அழித்து வரைந்ததில் தாள் தேய்ந்திருக்கிறது. பாட்டிலைக் கழுவி ஆபீஸில் வைத்திருக்கிறேன், உரியவர் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்