மிதவை வீடும் கரையொதுங்கும் போத்தலும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் எங்கள் வடமராட்சிக் கிழக்குக் கரையில் மூங்கிலால் கட்டப்பட்ட மிதவை வீடொன்று ஒதுங்குவதும், அதைப் பார்க்க ஊர் திரள்வதும், மறுநாள் அது 'மர்ம வீடு' என்ற தலைப்போடு பத்திரிகையில் படமாக வருவதும் சில ஆண்டுகளாக நாம் கண்டுவரும் காட்சி. அது ஏன் இந்த மாதங்களில் மட்டும் வருகிறது என்ற கேள்வியைத்தான் செய்திகள் தொடாமல் விட்டுவிடுகின்றன.

நான் மணற்காட்டுக் கரையில் நாள்தோறும் காலையில் நடப்பவன். மிதவை வீடு ஒதுங்கும் அதே நாட்களில், வட்ட வட்டமான மியன்மார் எழுத்துப் பொறித்த போத்தல்களும், ஒற்றைச் செருப்புகளும், கயிற்றுத் தடம் மாறாத மூங்கில் துண்டுகளும் மணலில் கிடக்கின்றன. அவற்றை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் வீடும் போத்தலும் ஒரே வழியால் வந்தவை என்பது என் உறுதியான எண்ணம். ஐப்பசிக்குப் பின் வாடை பிடிக்கும்போது வங்கக் கடலின் மேற்கு ஓரத்து நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. மாசி, பங்குனியில் அதுவே வடக்கு நோக்கி ஓடும். கரைவலை இழுப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

மியன்மாரின் மார்த்தபான் குடாவில், மூங்கில்களை அடுக்கிக் கட்டி, மேலே சிறு குடில் போட்டு, நங்கூரமிட்டு, கீழே வலை விரித்து, அந்த மிதவையிலேயே மாதக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் கூலித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடா இங்கிருந்து 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. புயலில் நங்கூரக் கயிறு அறுந்தால் மிதவை காற்றின் வசம். வெறுமையாக வந்து சேரும் குடிலைப் படம் எடுக்கிறோம். அதில் இருந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று நான் வாசித்த எந்தச் செய்தியும் கேட்கவில்லை.

மனிதர்களோடும் படகுகள் இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. 2022 டிசெம்பரில் மியன்மாரைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களுடன் தத்தளித்த படகு வெற்றிலைக்கேணிக்கு அப்பால் மீட்கப்பட்டது. 2024 டிசெம்பரில் குழந்தைகள் உட்பட அதேபோன்ற தொகையினரோடு இன்னொரு படகு முள்ளிவாய்க்கால் கடலில் காணப்பட்டது. இரண்டும் வாடைக் காலம். இவற்றைத் தனித்தனி அதிசயங்களாக எழுதுவதால், அடுத்த மார்கழியில் கடலைக் கூர்ந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணமே எங்களிடம் உருவாகாமல் போகிறது.

கரையொதுங்கும் பொருளைக் கவனிப்பது வீண்வேலையல்ல. 2014 மார்ச் 8 அன்று மறைந்த மலேசியப் பயணிகள் விமானமான எம்.எச். 370இன் இறக்கைப் பாகமொன்று, 2015 ஜூலையில் ரீயூனியன் தீவின் கரையில் துப்புரவு செய்தவர்களின் கண்ணில்தான் முதலில் பட்டது. அது மிதந்து வந்த பாதையைப் பின்னோக்கிக் கணித்துத்தான் தேடவேண்டிய கடற்பரப்பைச் சுருக்க ஆய்வாளர்கள் முயன்றார்கள்.

ஆகவே அடுத்த மிதவை ஒதுங்கும்போது, படத்தோடு இன்னும் நான்கு வரி சேருங்கள் எனத் தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். முந்திய பத்து நாட்களும் எந்தக் காற்று வீசியது, கடலில் வேறு என்னென்ன கண்டார்கள் என்பதை அந்தக் கரையின் தொழிலாளர்களிடமே தங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். சென்ற மாரியில் நான் பொறுக்கிய போத்தல்கள், கிடைத்த தேதி எழுதி ஒட்டியபடி என் வீட்டில் இருக்கின்றன. அவர் வந்தால் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மணற்காடு, வடமராட்சி.