பிப்ரவரி 2க்கு முன்னால் ஒரு நன்றி மடல்

மெக்சிகோ சிட்டியில் இருக்கும் நம் ஆட்களுக்கும், ஊரிலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் கூப்பிட்டு விசாரித்த அத்தனை பேருக்கும்: என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று தானே எழுந்து சமையலறை வரைக்கும் வந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுக்க விடிவதற்கு முன்பே வந்து நின்றவர்கள், இன்சூரன்ஸ் காகிதங்களை ஸ்பானிஷில் நிரப்பிக் கொடுத்தவர்கள், மெட்ரோவில் ரசம் சாதம் கொண்டுவந்தவர்கள், எல்லோரையும் கும்பிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் டிசம்பர் 16லிருந்து 24 வரைக்கும் ஒன்பது ராத்திரியும் பையனைத் தங்கள் பிள்ளைகளோடு போசாதாவுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு, கூட்டிப் போனார்கள். மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்று மரியாளும் யோசேப்பும் கேட்ட மாதிரி தங்க இடம் கேட்டுப் பாடி, தின்பண்டம் நிரப்பித் தொங்கவிட்ட பினியாத்தாவை அடித்து உடைத்து, கொய்யாவும் கரும்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய போன்ச்சேயைச் சுடச்சுடக் குடித்துவிட்டு, பை நிறைய வேர்க்கடலையும் கமலா ஆரஞ்சுமாக வந்து தூங்கியிருக்கிறான். இந்த டிசம்பரை அவன் பண்டிகையாகத்தான் நினைவு வைத்திருப்பான், அது அவர்கள் கொடுத்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே ஆஸ்பத்திரி வாசலில் தமால் விற்கும் அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான். காலையில் இருட்டோடு வந்து, ஆவி பறக்கும் பெரிய பானையையும் அத்தோலே கஞ்சியையும் வைத்துக்கொண்டு நிற்பார். தமால் தெரியாதவர்களுக்கு: மக்காச்சோள மாவைக் கதிரின் காய்ந்த தோலில் வைத்து மடித்து வேகவைப்பது, நம் இலைக் கொழுக்கட்டை மாதிரி. கறி இல்லாமல், மிளகாயும் சீஸும் வைத்ததும் உண்டு. ஆனால் மாவிலேயே பன்றிக் கொழுப்பு சேர்த்து அடித்திருப்பார்கள். அது தெரிந்ததும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அத்தோலே மட்டும் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவேன்.

ஒரு நாள் அவரே கூப்பிட்டு ஒரு தமாலைக் கையில் வைத்தார். அதன் இடுப்பில் அதே கதிர்த்தோலை நாடா மாதிரி கிழித்து ஒரு முடிச்சு. எனக்கென்று எண்ணெய் விட்டுத் தனியாக மாவு பிசைந்திருக்கிறார், கலந்துவிடாமல் இருக்க அந்த முடிச்சு. மற்றதிலிருந்து கொழுப்பு அதன் மேல் சொட்டிவிடக் கூடாது என்று பானையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார். நான் அவரிடம் எதுவுமே கேட்டதில்லை. பெயர்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், மறுநாளிலிருந்து வாங்கிக்கொண்டார், அது எனக்கு இன்னும் பிடித்தது. பாவப்பட்டவளாக இல்லாமல் வாடிக்கைக்காரியாக வைத்துக்கொண்டார்.

பன்றியே இந்த மண்ணுக்கு 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்ததுதானாம், அதற்கு முன்னால் தமால் கொழுப்பில்லாமல்தான் வெந்திருக்கிறது. இது நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த அம்மா பார்த்தது, ஒருத்தி தினமும் வெறும் கஞ்சியோடு மாடிப்படி ஏறுவதை.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் தினத்தன்று, வார்டில் நர்ஸ்கள் ரோஸ்கா வெட்டினார்கள். உலர்ந்த பழத்தை மேலே பதித்த வளைய ரொட்டி, உள்ளே குழந்தை இயேசு பொம்மைகளை ஒளித்து வைத்திருப்பார்கள். பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2, காந்தெலாரியா பண்டிகை அன்று எல்லோருக்கும் தமால் போட வேண்டும். என் துண்டில் வந்தது! நர்ஸ்கள் கைதட்டினார்கள், நானும் சிரித்துவிட்டேன், எத்தனையோ நாளைக்கு அப்புறம்.

கடையில் வாங்கிக் கொடுத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நானே செய்யப் போகிறேன். நர்ஸ்களுக்கு வேண்டியது பச்சைச் சல்சாவும் கோழியும் வைத்தது, கொழுப்பு சேர்த்துத்தான். நான் தொடாத பொருள்தான், ஆனால் எனக்காக ஒருவர் தன் மாவை மாற்றினாரே, அவர்களுக்காக என் அடுப்பில் அது வேகட்டும். அந்த அம்மாவே வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். மாவு பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துளியைத் தண்ணீரில் போட வேண்டுமாம், மிதந்தால் சரி. பானையின் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டால் அடியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அது கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

வார்டுக்குப் போனது போக மீதி நம் வீட்டில். பிப்ரவரி 2 சாயங்காலம் எல்லோரும் வந்துவிடுங்கள். முடிச்சுப் போட்டது சைவம். முதல் நாள் மதியம் மாவு அடிக்கக் கை வேண்டும், வர முடிந்தவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.